இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்

வாசகி கேள்வி:

அண்ணா, நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், செங்கலடிப் பக்கம் படிப்பிக்கிறேன். என்னுடையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா 121, பெற்றோல் கார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்சம் பிந்தினாலும் பிடித்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மட்டக்களப்புச் சந்தையில் நிறுத்திவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பி வந்தால் எட்டுப் பத்து விநாடி சுற்ற வேண்டியிருக்கிறது. போன மாதம் பதுளைக்குப் போனோம். லுணுகலைப் பக்கம் ஏறும்போது இழுவையே இல்லை. குலுங்கிக் குலுங்கித்தான் ஏறியது, எஞ்சின் லைட்டும் எரிந்தது. சம தரையில் ஒரு குறையும் இல்லை. கராஜில் ஸ்கேன் பண்ணி பி0171 என்ற கோட் வந்திருக்கிறது என்றார்கள். பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் கழுவினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. இப்போது நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அப்பா 95 பெற்றோல் அடித்துப் பார் என்கிறார். நான் வழக்கமாக ஆயிரம், இரண்டாயிரத்துக்குத்தான் அடிப்பேன். என்ன செய்யலாம்?

பதில்:

தங்கச்சி, எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் அந்த இன்ஜெக்டருக்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் குறை எஞ்சின் பக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. பின்சீற்றுக்குக் கீழே, பெற்றோல் டாங்கிக்குள் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் என் நினைப்பை நம்பி, டாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பையும் மாற்றிவிடாதீர்கள். அளந்து பார்த்துவிட்டு மாற்றுவோம். அளப்பதற்கு ஒரு மணித்தியாலம் போதும்.

"கார் சரியில்லை" என்று மட்டும் எழுதாமல் எந்த நேரத்தில், எவ்வளவு நிறுத்திய பிறகு, எந்த இடத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் பக்கக் குறைகளைப் பிடிப்பதற்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. இதே விவரத்தைக் கராஜிலும் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் போய்ச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் மேடு எங்கே இருக்கிறது? கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் நமக்கு மேடு. காரைத் திருத்துபவர் காத்தான்குடி வரை ஓடிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. சம தரையில் அந்தக் குறை வெளியே வரவே வராது.

காரணத்தைச் சொல்கிறேன். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது மணிக்கு ஒரு லீற்றர் அளவில்தான் பெற்றோல் குடிக்கும். நான்கு பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, பிபிலை தாண்டி மலை ஏறும்போது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கேட்கும். பம்ப் களைத்திருந்தாலோ பில்டர் அடைத்திருந்தாலோ, அந்த ஒரு லீற்றரை எப்படியும் கொடுத்துவிடும். பத்து மடங்கைக் கேட்கும்போதுதான் கை விரிக்கும். அப்போது எஞ்சினுக்குள் காற்று கூடிப் பெற்றோல் குறையும். கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்ட இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து திறந்து பார்க்கும். அதற்குரிய எல்லை முடிந்ததும் எஞ்சின் லைட்டைப் போட்டுவிடும். பி0171 சொல்வது அவ்வளவுதான்: கலவையில் பெற்றோல் போதவில்லை. எதனால் போதவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது. அதைத் தேடிப் பிடிப்பது திருத்துபவரின் வேலை.

இன்ஜெக்டர்தான் காரணமாக இருந்தால் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். நான்கும் ஒரே நாளில் ஒரே அளவாக அடைப்பது மிக அபூர்வம். ஒன்று முதலில் கெடும். அப்போது நிற்கும்போதே ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், ஸ்டியரிங்கில் கை வைத்தாலே அதிர்வு தெரியும், பி0301, பி0302 என்று சிலிண்டர் இலக்கத்தோடு கோட் வரும். உங்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. கழுவியும் மாற்றமில்லை. பிறகு எதற்கு நான்கையும் மாற்றுவது?

சரி, இரண்டாவது குறைக்கு வருவோம். வெயிலில் இருபது நிமிடம் நிறுத்தினால் பிடிக்க நேரமெடுக்கிறது. இதை மற்றக் குறையோடு சேர்த்துப் பார்த்ததால்தான் டாங்கியின் பக்கம் எனக்குச் சந்தேகம் போனது. எஞ்சினை நிறுத்திய பிறகும் பெற்றோல் குழாயில் அழுத்தம் நிற்க வேண்டும். அதற்காகப் பம்பில் ஒரு வழி வால்வு இருக்கிறது. நம் வீட்டுக் கிணற்று மோட்டரின் புட்வால்வு போலத்தான். புட்வால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் மோட்டருக்குத் தண்ணீர் ஊற்றித்தானே இறைக்கிறோம்? இங்கேயும் வால்வு ஒழுகினால் அழுத்தம் இறங்கிவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருப்பதால் பம்ப் இரண்டு சுற்றில் குழாயை நிரப்பிவிடும், அதனால்தான் "கொஞ்சம் பிந்தினாலும்" பிடிக்கிறது. பகலில் கதை வேறு. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நிறுத்திய காரின் பொனற்றுக்குள் சூடு இறங்காது, முதல் அரை மணித்தியாலத்தில் ஏறத்தான் செய்யும். அழுத்தம் இருந்தால் அந்தச் சூட்டிலும் பெற்றோல் திரவமாகவே நிற்கும். அழுத்தம் போனால் இன்ஜெக்டர் குழாயில் ஆவிக் குமிழியாகிவிடும். அந்தக் குமிழி முழுவதையும் தள்ளிவிட்டுப் பெற்றோல் வந்து சேரும்வரை எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதே அறிகுறி ஒழுகும் இன்ஜெக்டராலும் வரலாம். வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை சந்தையில் இப்படி ஆகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உடனே பிடித்து, பெற்றோல் மணமும் கரும்புகையும் வந்தால் உள்ளே பெற்றோல் கூடி நிற்கிறது, அப்போது இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். மிதித்தும் பயனில்லை, மணமும் இல்லை என்றால் பெற்றோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வேறொன்று: முழு டாங்கி அடித்த உடனே மட்டும் இப்படி ஆகுமானால், ஆவியை எஞ்சினுக்கு இழுக்கும் பேர்ஜ் வால்வு திறந்தபடி நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும். நீங்கள் ஆயிரத்துக்கு அடிப்பவர் என்பதால் உங்களுக்கு அது இல்லை என்று விட்டுவிடலாம்.

கராஜில் என்ன கேட்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்கிறேன். இதை அப்படியே காட்டினாலும் பரவாயில்லை.

முதலில் செலவில்லாத வேலை. ஸ்கேனரில் கோட்டை மட்டும் பார்த்து அழிக்காமல், கார் ஓடும்போது ஃபியூவல் ட்ரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். பத்து சதவீதத்துக்குள் கூடிக் குறைந்தால் சாதாரணம். நிற்கும்போது இருபதுக்கு மேல் காட்டி, எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், எங்கோ காற்று களவாக உள்ளே போகிறது. வாக்கியூம் குழாய் வெடித்திருக்கலாம், இன்டேக் கஸ்கற் காய்ந்திருக்கலாம். நேர்மாறாக, நிற்கும்போது நல்ல எண் காட்டி, ஏசி போட்டு நான்கு பேரை ஏற்றி மிதித்து ஓடும்போது மேலே ஏறினால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சர் அழுக்காகிக் குறைத்து அளக்கிறது. அந்தச் சென்சரை அதற்குரிய ஸ்பிரேயால் மட்டும் கழுவிப் பார்க்கலாம். காபரேற்றர் கிளீனரால் கழுவக் கூடாது, துணியால் துடைக்கவும் கூடாது. நமக்கு மலை இல்லையே என்றால், செங்கலடி தாண்டிக் கரடியனாறு வரை நீண்டு கிடக்கும் பதுளை வீதியில் கியரைக் குறைத்துப் போட்டு இழுத்துப் பார்த்தால் போதும், எண் தானாகப் பேசும்.

அடுத்தது அழுத்தம். உங்கள் எஞ்சினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் 147 கிலோபாஸ்கல், 21 பி.எஸ்.ஐ.க்குக் குறையக் கூடாது. இந்தக் காரில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் பூட்டத் தனி வாய் வைக்கவில்லை. குழாயைக் கழற்றி இடையில் அடாப்டர் போட வேண்டும். பல கராஜ்களில் அளக்காமல் சாமானை மாற்றிப் பார்ப்பதற்கு இதுதான் பெரிய காரணம். அடாப்டர் இல்லை என்றால் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் ஈ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜெக்டர் முறை) வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

நிற்கும்போது மட்டும் அளந்துவிட்டு "46 இருக்குது, பம்ப் ஓகே" என்று முடிக்க விடாதீர்கள். உங்கள் குறை இழுவையில் வருவது. கேஜை வைப்பருக்குக் கீழே, கண்ணாடிக்கு வெளியே கட்டிக்கொண்டு ஓடிப் பார்க்க வேண்டும். கேஜின் குழாயைக் காருக்குள் எடுக்கவே கூடாது. மிதிக்கும்போது முள் 46இல் இருந்து 30க்கு விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. நிறுத்திய உடனே முள் சரசரவென்று இறங்கினால் வெயிலில் பிடிக்காத குறைக்கும் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் நடந்தால், உங்கள் காரில் பம்ப், ஒரு வழி வால்வு, பில்டர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் எல்லாம் டாங்கிக்குள் ஒரே கூட்டில் இருப்பதால், ஒரு முறை திறந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முள் விழுந்தாலும் பம்பைக் குற்றம் சாட்டும் முன் இன்னொன்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்ப் சொக்கற்றில் எத்தனை வோல்ட் வருகிறது? பற்றரியில் 14 இருந்தால் அங்கேயும் கிட்டத்தட்ட 13க்கு மேல் இருக்க வேண்டும். நாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழ்கிறோம். உப்புக் காற்றில் சொக்கற்றிலும் எர்த் வயரிலும் பச்சைக் களிம்பு பிடிப்பது இங்கே சர்வசாதாரணம். 11 வோல்ட் கிடைக்கும் நல்ல பம்ப், கெட்ட பம்ப் போலத்தான் வேலை செய்யும். புதுப் பம்ப் பூட்டினாலும் அதே கதைதான் நடக்கும்.

இடையில் ஒரு விஷயம். "சாவியை ஓன் பண்ணினால் பின்னால் இரண்டு விநாடி உம்மென்ற சத்தம் வர வேண்டும், வராவிட்டால் பம்ப் செத்துவிட்டது" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். பல கார்களுக்கு அது சரி. உங்களுடையதைப் போன்ற பல பழைய டொயோட்டாக்களில் எஞ்சின் சுற்றும்போதுதான் பம்ப் ஓடும். சத்தம் வரவில்லை என்று யாராவது பம்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

டாங்கியைத் திறக்கும் நாளில் நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது. கார் வெளியில், நிழலான திறந்த இடத்தில் நிற்க வேண்டும், நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும். பம்ப் சொக்கற்றைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விட்டு, அழுத்தத்தைப் போக்கி, பற்றரியின் நெகற்றிவ்வையும் கழற்றிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்துபோய்ப் பள்ளத்தில் தேங்கும். சிறு பொறி போதும். பக்கத்தில் வெல்டிங் நடந்தால், யாராவது சிகரெட் பிடித்தால், கண்ணாடிக் குமிழ் விளக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் கார், அங்கே நிற்பது யாரோ ஒருவரின் பிள்ளை. பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உள்ளே இருந்து எடுத்ததும் அடியில் இருக்கும் வலையைப் பாருங்கள். கறுப்பாகவோ துரு நிறத்திலோ இருந்தால் டாங்கியின் அடியையும் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். புதுப் பில்டரை அழுக்கு டாங்கிக்குள் இறக்கி என்ன பயன்? 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரம் 20 லீற்றர் என்று கியூஆர் காட்டி வாழ்ந்த காலத்தில் கண்ட கண்ட கானில் பெற்றோல் சேமித்து ஊற்றினோம். அந்தக் கான்களின் தூசியும் தண்ணீரும் இன்னும் பல டாங்கிகளின் அடியில் கிடக்கின்றன. வலை, பில்டர், மூடியின் ரப்பர் வளையம் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். பம்பும் தேவைப்பட்டால் டென்சோ போன்ற நல்ல தயாரிப்பாக, நம்பிக்கையான கடையில், பில்லோடு வாங்குங்கள். மலிவான கொப்பி பம்புகள் முதல் நாள் நல்ல அழுத்தம் காட்டும், சூடானதும் தளரும். பெட்டி ஒரிஜினல் போலவே இருக்கும், ஏமாற வேண்டாம். ரீகண்டிஷன் பம்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது எத்தனை வருடம் ஓடியது என்று விற்பவருக்கும் தெரியாது.

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய விடாதீர்கள்: உள்ளே இருக்கும் பில்டரை நீக்கிவிட்டு, வெளியில் குழாயை வெட்டிச் சின்னப் பிளாஸ்டிக் பில்டர் பூட்டித் தருகிறோம் என்பார்கள். அந்தப் பிளாஸ்டிக் பில்டர் காபரேற்றர் வண்டிக்கு உரியது. அங்கே ஓடும் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. மட்டுமே. உங்கள் குழாயில் 50 வரை ஓடுகிறது. அது வெடித்தால் சூடான எஞ்சின் மேல் பெற்றோல் தெளிக்கும். மலிவான தீர்வு என்று சொல்லப்படுவதில் இதைவிட ஆபத்தானதை நான் கண்டதில்லை.

அப்பா சொன்ன 95 பற்றி: அவர் அக்கறையில் சொல்கிறார், ஆனால் இந்தக் குறைக்கு அது மருந்தல்ல. ஒக்டேன் என்பது பெற்றோல் எஞ்சினுக்குள் நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் தாங்கும் அளவு. அது கூடினால் அழுக்கைக் கழுவும் என்றோ பம்புக்குப் பலம் கொடுக்கும் என்றோ இல்லை. உங்கள் எஞ்சின் ஜப்பானில் ரெகுலர் பெற்றோலுக்கென்றே செய்யப்பட்டது. அங்கே ரெகுலருக்குக் குறைந்தபட்ச ஒக்டேன் 89. நம் 92 தாராளம். அந்த மேல்மிச்சக் காசைச் சேர்த்துப் பில்டர் வாங்குங்கள்.

ஆயிரத்துக்கு அடிக்கும் பழக்கத்தை மட்டும் மாற்றப் பாருங்கள். பெற்றோல் விற்கும் விலையில் அதைச் சொல்வது எனக்கும் எளிதில்லை. ஆனால் டாங்கிக்குள் இருக்கும் மோட்டர் குளிர்வது பெற்றோலால்தான். லைட் எரியும்வரை ஓடினால் அது ஆவிக்குள் நின்று சூட்டில் உழைக்கிறது. அடியில் தேங்கும் அழுக்கையும் தண்ணீரையும் உறிஞ்சுகிறது. உங்கள் டாங்கி 50 லீற்றர். கால் பங்கு, அதாவது 12 லீற்றர் எப்போதும் உள்ளே இருக்கட்டும். ஒரு சம்பள நாளில் அந்த 12 லீற்றரை ஒருதரம் அடித்துவிட்டால் போதும், அதன் பிறகு வழக்கம்போல் ஆயிரத்துக்கு அடித்தாலும் மட்டம் அதற்கு மேலேதான் நிற்கும். மாத முடிவில் செலவு ஒன்றேதான்.

மாரி வரும் முன்னர் பெற்றோல் மூடியின் ரப்பரையும் நிரப்பும் குழாயில் துரு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு கார் திடீரென்று விக்கத் தொடங்கினால், டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் அரை மணித்தியாலம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஓட வேண்டாம், டாங்கியை இறக்கிக் காலி பண்ண வேண்டும். டீசல் வான் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்கள் வாகனத்துக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். கொமன் ரெயில் எனும் புதிய டீசல் முறையின் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல், உங்கள் பெற்றோல் குழாயைவிடப் பல நூறு மடங்கு, அழுத்தம் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

திருத்தும்வரை பள்ளிக்கூடத்துக்கு ஓடலாம், பதுளைப் பயணம் வேண்டாம். ஏற்றத்தில் பின்னால் பஸ் வரும்போது இழுவை போனால் உங்களுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் ஆபத்து. சந்தையில் பிடிக்காவிட்டால் பத்து விநாடி தொடர்ந்து சுற்றாதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டர் கெட்டுவிடும். ஐந்து விநாடி சுற்றி, கொஞ்சம் விட்டு, மறுபடி சுற்றுங்கள்.

அளந்த பிறகு மூன்று எண்ணை எனக்கு எழுதுங்கள்: மிதித்து ஓடும்போது அழுத்தம் எவ்வளவு, நிறுத்தி ஐந்து நிமிடத்தில் எவ்வளவு, பம்ப் சொக்கற்றில் எத்தனை வோல்ட். அந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தச் சாமானை வாங்க வேண்டும் என்று நிச்சயமாகச் சொல்கிறேன்.